கை நனைக்காத விருந்தாளி

அட, அந்தச் சிலந்தி உன்னை ஒண்ணும் பண்ணாது கண்ணு. கண்ணாடித் தொட்டிக்கு மூடி இருக்கு, மூடிக்கு மேல செங்கல் இருக்கு. வெளிய வராது. வந்தாலும் உன்னைவிட அதுக்குத்தான் பயம் ஜாஸ்தி.

இல்லை இல்லை, சாப்பிடச் சொல்லி வரலை. தட்டை அந்தப் பக்கம் தள்ளி வச்சாச்சு, பாரு. முக்காடும் என் கையில இல்லை, அதோ ஆணியில தொங்குது. நீ திரைக்குப் பின்னாலயே இரு. நான் இந்த முக்காலியை இழுத்துப் போட்டுக்கறேன், முட்டிவலி.

சாய்கல்தானே பேரு? நேத்து உன்னைக் காரிலேருந்து இறக்கறப்ப யாரோ சொன்னாங்க. நான் எல்தியாரோட அம்மா. ஆமா, உன்னைத் தூக்கிட்டு வந்தானே, அவனைப் பெத்தவ. நேத்து இருந்த கூச்சல்ல யார் எவருன்னு உனக்கு எங்க தெரிஞ்சிருக்கும்! என்னது, அத்தையா? என் நாத்தனார் ஜூரா அப்படிக் கூப்பிடச் சொன்னாளா? வேண்டாம். அக்கான்னு கூப்பிடு, போதும்.

இரு, ஏதோ வண்டி... இல்லை, பால்காரன்.

வீட்டுல இப்ப நீயும் நானும்தான். ஆம்பளைங்க ஆட்டை வண்டியில ஏத்திக்கிட்டு உங்க வீட்டுக்குச் சமாதானம் பேசப் போயிருக்காங்க. ஜூரா மாவும் எண்ணெயும் வாங்கக் கடைக்குப் போயிருக்கா. அவ திரும்பறதுக்குள்ள உன் தலையில அந்த வெள்ளை முக்காட்டைக் கட்டி, ஒரு வாய் ரொட்டியும் ஊட்டிடணும்னு எனக்கு உத்தரவு. அப்புறம் முல்லாவைக் கூப்பிட்டு நிக்கா ஓதிட்டா முடிஞ்சுது. முக்காடு ஏறின பொண்ணை எந்த அப்பன் திருப்பிக் கூட்டிட்டுப் போறான்? பொண்ணைத் தூக்கக் கூடாதுன்னு சட்டம் சொல்லுது. சட்டம் எங்கயோ தலைநகரத்துல இருக்கு, முக்காடு இங்க ஆணியில இருக்கு.

அழாதே. அழாதேம்மா. இந்த மூஞ்சியைப் பாத்தா எனக்கு உக்கார முடியலை.

சிலந்தியைப் பத்திக் கேட்டியே. உனக்கு முன்னால இந்த வீட்டுக்குப் புதுசா வந்தது அதுதான், போன வாரம். அல்மாட்டிப் பட்டணத்துல ஒருத்தன் வளக்கறானாம், அவன்கிட்ட வாங்கிட்டு வந்தான் எங்க எல்தியார். நம்ம மேய்ச்சக்காட்டுல திரியற சாதி இல்லை. கடல் தாண்டின ஊராம். உள்ளங்கை அகலம், மேலெல்லாம் மயிரு, முழங்காலுக்கு முழங்கால் ஆரஞ்சு வளையம் வேற. ஒவ்வொருத்தன் வீட்டுக்கு நாய்க்குட்டி வாங்கிட்டு வருவான், என் வீட்டுக்கு வந்தது இது.

ஆனா பாரு, அதை அவன் வச்சுக்கிட்ட விதம் இருக்கே! என்னைக்கூட ஒரு நாள் அப்படிப் பாத்தவன் இல்லை. தேங்கா நார்த்தூளைப் பரப்பி மெத்தை. ஒளிஞ்சுக்க ஒரு உடைஞ்ச பூந்தொட்டி. பாட்டில் மூடியில தண்ணி. வெளிச்சம் படக்கூடாதுன்னு தொட்டிக்கு மேல என் நல்ல துண்டு. எங்களை எல்லாம் வரிசையா நிக்க வச்சு உபதேசம். தட்டாதீங்க, திறக்காதீங்க, எட்டி எட்டிப் பாக்காதீங்க. ஒரு வாரத்துக்குத் தீனியே கிடையாதும்மா, புது இடம், பயந்திருக்கும், அதுவா பழகட்டும், அப்புறம் ஒரே ஒரு சின்ன சுவர்க்கோழி போடலாம், தின்னலைன்னா உடனே எடுத்துடணும்னான். ராத்திரியில கிர்ருனு கத்துமே, அந்தப் பூச்சிதான். அதையும் ஒரு டப்பா நிறைய வாங்கி வச்சிருந்தான்.

எனக்கு மனசு கேக்குமா? வாசல்ல நின்னு வழி கேக்கறவனைக்கூட ரொட்டியைப் பிட்டு வாயில வைக்காம அனுப்பறோமா நாம? வீடு தேடி வந்தது ஒரு வாரம் கை நனைக்காம கிடந்தா ஊரு என்ன சொல்லும்? அவன் கடைக்குப் போனதும் மூடியைத் திறந்து, ஆட்டுக் கொழுப்புல பொரிச்ச மாவுத்துண்டு, பூர்சோக், ஒண்ணு உள்ள போட்டேன். சூடா, புதுசா! சிரிக்கறியா? சிரி சிரி. ஜூராவும் சிரிச்சா. மறுநாள் அது பச்சையாப் பூசணம் பூத்துக் கிடக்கு. உயிரோட ஓடறதைத்தான் அது பிடிச்சுத் தின்னுமாம். யாரு கண்டா!

அதோட விட்டேனா? இல்லையே. பூச்சி டப்பா அங்கயே இருக்கு. ஒண்ணு போட்டா அந்தப் பெரிய வயித்துக்கு எந்த மூலைக்குக் காணும்னு மொத்தத்தையும் கவுத்துட்டேன்.

கண்ணு, அதை நீ பாத்திருக்கணும். இல்லை, பாக்காதது நல்லது. பூச்சி எல்லாம் அது மேல ஏறுது, இறங்குது, முதுகுல நடக்குது, ஒண்ணு காலைக் கடிச்சுப் பாக்குது. பாக்க அம்மாம் பெரிய ராட்சசி, ஒண்ணைக்கூடத் தொடலை. மூலையில போய் ஒடுங்கி, எட்டுக் காலையும் மூஞ்சி மேல மடிச்சு வச்சுக்கிச்சு. நான் தின்னு தின்னுன்னு கண்ணாடியைத் தட்டிக்கிட்டு நிக்கறேன், கூறுகெட்டவ.

எல்தியார் வந்து பாத்தான். கத்தலை. இடுக்கி எடுத்து ஒவ்வொரு பூச்சியா வெளிய எடுத்தான். அம்மா, அதுக்குப் பசி இல்லாம இல்லைம்மா, பயத்துல இருக்கறப்ப எதுக்கும் வாய் திறக்காது, நீ ஊட்டறதுக்குப் போட்டதை அது தன்னைத் தின்ன வந்ததா நினைக்குதும்மான்னான். கண்ணுல தண்ணி வந்துடுச்சு என் புள்ளைக்கு. எவ்வளவு தெரிஞ்சு வச்சிருக்கான்னு பெருமையா இருந்துச்சு எனக்கு.

அந்தப் புள்ளைதான் நேத்து ரெண்டு கூட்டாளிகளோட பஸ் நிறுத்தத்துல வந்து உன்னை அள்ளிப் போட்டுட்டு வந்தது.

கொஞ்சம் இரு, ஜன்னலைப் பாத்துட்டு வரேன்... யாரும் இல்லை. பனி கொட்டுது.

அவன் கடைக்கு ஒரே ஒரு தடவை போனியாமே, போன் கண்ணாடி மாத்த? சிரிச்சியாம். அவ என்னைப் பாத்துச் சிரிச்சாம்மா, அவளுக்கும் இஷ்டம்தான்னான். அட மடையா, காசு குடுத்துட்டு மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டா போவாங்க? நர்சு படிப்பா? கடைசி வருசமா? ம். அதையும் அவன் சொல்லலை. கேட்டிருக்கவே மாட்டான். சிலந்திக்கு என்ன பிடிக்கும்னு அல்மாட்டிக்கு நாலு தடவை போன் பண்ணிக் கேட்டவன்.

எனக்குக் கோவம்தான். பெத்த வயிறு, கெட்டவன்னு சொல்ல வாய் வரமாட்டேங்குது. ஆனா கோவம் அடங்கவும் மாட்டேங்குது.

நேத்து சாயங்காலம் உன்னைச் சுத்தி அத்தனை பொம்பளைங்க நின்னோமே. ஒருத்தி முக்காட்டை வீசறா, நீ பிடுங்கி எறியறே, இன்னொருத்தி எடுத்து வீசறா. அடி மேல அடி அடிச்சா அம்மியும் நகரும்னு ஜூரா சொல்றா. ஒருத்தி டீயை வாய்ல வைக்கறா. நாங்க எல்லாரும் அழுதுக்கிட்டு வந்தவங்கதான், எல்லாம் சரியாப் போயிடும்னு பாட்டா பாடறாங்க. நானும் ரொட்டித் தட்டைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். அப்ப நீ முட்டியை மடக்கி, ரெண்டு கையையும் மூஞ்சி மேல வச்சுக்கிட்டே. தட்டை அப்படியே வச்சுட்டு வெளிய போனேனே, பாத்தியா? பாத்திருக்க மாட்டே.

நானா? என்னையும் இப்படித் தூக்கிட்டுத்தான் வந்தாங்க. வேற எப்படி? ரெண்டு நாள் தண்ணிகூடக் குடிக்கலை. மூணாம் நாள் பசி தாங்கலை, ஒரு துண்டு ரொட்டி தின்னேன். தின்னுட்டா, தின்னுட்டான்னு கை தட்டினாங்க எல்லாரும். அவ்வளவுதான் என் கல்யாணம். அவரு நல்ல மனுசன்தான், குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா இன்னைக்கு வரைக்கும் எனக்கு அந்தக் கைதட்டல் சத்தம் பிடிக்காது.

சரி, எந்திரி. இந்தா, இது உன் பூட்ஸ். ஜூரா மாவு டின்னுக்குள்ள ஒளிச்சு வச்சிருந்தா, தட்டிட்டேன், இன்னும் கொஞ்சம் ஒட்டியிருக்கும். போட்டுக்கோ. ஏன் அப்படி முழிக்கறே? கோட்டு இல்லையா, என்னுதை எடுத்துக்கோ, பெரிசாத்தான் இருக்கும்.

கொல்லைக் கதவு சும்மாதான் சாத்தியிருக்கு. கோழிக்கூட்டைத் தாண்டினா பேக்கரிச் சந்து. அங்க ஒரு வெள்ளைக் கார் நிக்கும், உங்க அண்ணன். காலையில உன் போன் என் மடியில அடிச்சுக்கிட்டே இருந்துச்சு, எடுத்தேன், அந்தப் புள்ளை அழுதுக்கிட்டே நீ எங்கன்னு கேட்டுச்சு. அன்னைக்கு எங்கண்ணனும் என்னை ஊர் ஊராத் தேடினானாம், ஒருத்தரும் வழி சொல்லலை. அதான் நான் சொல்லிட்டேன்.

என்னைப் பத்தி என்ன, நான் பாத்துக்கறேன். போ. ஓடாதே, நடந்தே போ, பனியில வழுக்கும்.