குறையாத வால்யூம்

மத்தியானம் இரண்டு மணி. ராத்திரி இரண்டு என்று சொன்னால்தான் பயப்படுவீர்கள், தெரியும். ஆனால் இது நடந்தது பட்டப்பகலில். ஆரணியை விட்டுச் சந்தவாசல் பக்கம் போகிற ரோடு... ஆள் இல்லை, ஒரு நாய்கூட இல்லை. மாதா மாதம் கரண்ட் நிறுத்துவார்களே, அந்த நாள். பவர்லூம் ஒன்றும் ஓடவில்லை. தறிச் சத்தத்திலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு அந்த அமைதி காதை அடைக்கும்.

ரோட்டில் ஒரே ஒரு பைக். ஓட்டினவன் ரஞ்சித்குமார், என் சிநேகிதன் முத்துவேலுக்குச் சித்தி மகன். ஆரணியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். பொய் பேசத் தெரியாத ஆள் என்று முத்துவேல் பெருமையாகச் சொல்வான். அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் அதையும் கற்றுக்கொண்டான்.

கூப்பிட்டது வேணுகோபால். நாலு பவர்லூம் வைத்திருக்கிற வீடு.

"லேப்டாப்ல சத்தம் கொறைய மாட்டேங்குது. ஜல்தியா வாப்பா. அஞ்சு மணிக்குள்ள முடிச்சாவணும்."

லேப்டாப் அவனுடையது இல்லை, அவன் பெண்டாட்டி சூர்யகலாவுடையது. பன்னிரண்டாவது படிக்கும்போது சர்க்கார் இலவசமாகக் கொடுத்தது. கல்யாணத்தில் சீர் பாத்திரங்களோடு கொண்டுவந்தாள். வைரஸில் அது படுத்துவிட்டபோது ரஞ்சித்திடம்தான் எடுத்து வந்தாள். யாருக்கும் காசு கொடுக்க வேண்டாத லினக்ஸைப் போட்டுக் கொடுத்தான். "தறி ஓடறப்போ பாடம் கேக்க மாட்டேங்குதுங்க" என்றாள். ஏதோ பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். தறி வீட்டுக்காரர்கள் எல்லாருக்கும் செய்வதுபோல, வால்யூம் நூற்றைத் தாண்டி நூற்றைம்பது வரை ஏறும்படி வைத்துக் கொடுத்தான்.

அவள் செத்து ஒரு மாதம் ஆகியிருந்தது. வயிற்று வலி தாங்காமல் மருந்து குடித்துவிட்டாள் என்று போலீஸில் எழுதிக்கொண்டார்கள். அக்கம்பக்கத்தில் விசாரித்தால், "தறி ஓடிகினு இருந்துச்சி, எங்களுக்கு ஒண்ணும் கேக்கல" என்றார்கள். அத்தனை வீட்டிலும் அதே பதில்.

பிள்ளை இல்லாமல் போனவளின் சீரைத் தாய்வீட்டுக்குத் திருப்பித் தர வேண்டும் என்று பெரியவர்கள் பேசி முடித்திருந்தார்கள். அவள் அம்மா முனியம்மா பெரணமல்லூரிலிருந்து ஐந்து மணிக்கு வருகிறாள். அண்டாவும் பீரோவும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், என் பெண் கை பட்ட லேப்டாப் மட்டும் போதும் என்று சொல்லி அனுப்பியிருந்தாள். அதை உடைத்தாலோ தொலைத்தாலோ ஊரில் பேச்சு வரும். அதனால் வேணுகோபாலுக்கு அது முழுசாக, ஆனால் சத்தமில்லாமல் போய்ச் சேர வேண்டும்.

ரஞ்சித் உள்ளே போனான். பினாயில் ஊற்றிக் கழுவின தரை. நின்றுபோன தறிகளின் எண்ணெய் வாடை. கூடத்தில் லேப்டாப்... அதன் மேல் மூன்று போர்வை. போர்வைக்குள்ளிருந்து ஓர் ஆண் குரல்.

"மெதுவா அழு. தெருவுக்குக் கேக்கப் போவுது."

கொஞ்சம் நிறுத்தி... மறுபடியும் அதே.

வேணுகோபாலின் குரல். வேணுகோபாலோ ரஞ்சித்துக்கு எதிரிலேயே நின்றுகொண்டிருந்தான், உதட்டைக் கடித்துக்கொண்டு.

"ரெகார்டு பண்ணி வெச்சிட்டுப் போயிருக்கா. ஆஃப் பண்ணி ஆன் பண்ணா மறுபடியும் ஆரம்பிக்குது. அழிச்சுடு" என்றான்.

ரஞ்சித் தேடினான். ஓர் ஆடியோ பைல்கூட இல்லை. எந்தப் புரோகிராமும் ஒலிக்கவில்லை என்று செட்டிங்ஸ் சொன்னது. வால்யூமைப் பூஜ்யத்துக்கு இழுத்தான். திரையில் வால்யூம் பட்டை இறங்கியது, குரல் இறங்கவில்லை. லினக்ஸில் இது சகஜம். பட்டை ஒரு சேனலை இழுத்துக்கொண்டிருக்கும், சத்தம் வேறு சேனலில் வந்துகொண்டிருக்கும். கட்டளை தட்டுகிற கறுப்புத் திரையைத் திறந்து மாஸ்டர், ஸ்பீக்கர், ஹெட்போன் என்று ஒன்றுவிடாமல் மியூட் பண்ணினான்.

குரல் வந்துகொண்டே இருந்தது.

சத்தத்தை இயக்குகிற சவுண்டு டிரைவர் சாஃப்ட்வேரையே எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் கொடுத்தான். 'டம்மி அவுட்புட்' என்று வந்தது. அப்படி வந்தால், இந்த மெஷினில் சத்தம் போடுகிற பாகம் எதுவுமே இல்லை என்று அர்த்தம். அவன் கையை எடுத்த பிறகு பட்டை தானாக ஏறியது. நூறு... நூற்றிருபது... நூற்றைம்பது.

"தெருவுக்குக் கேக்கப் போவுது."

தெருவுக்குக் கேட்டது. எதிர்வீட்டு வாசலில் செருப்பு தேய்கிற சத்தம். பிறகு கதவு மெல்லச் சாத்திக்கொண்டது. அதற்கடுத்த வீட்டில் தாழ்ப்பாள். அதற்கடுத்து இன்னொன்று... தெரு முனை வரைக்கும். தறி ஓடவில்லையே, கேட்கவில்லை என்று அன்றைக்குச் சொல்ல முடியாது. ஆகவே கதவை மூடிக்கொண்டார்கள். ஊர் என்றால் இவ்வளவுதான்.

ரஞ்சித் லேப்டாப்பைக் கவிழ்த்து ஸ்குருக்களைக் கழற்றினான். அடிமூடி வந்ததும் குப்பென்று பூச்சிமருந்து நாற்றம். மூச்சைப் பிடித்துக்கொண்டு, சின்ன ஸ்பீக்கர் இரண்டையும் ஒயரோடு பிடுங்கினான்.

நின்றது.

நாலு மணிக்குக் கரண்ட் வந்தது, தறிகள் ஓட ஆரம்பித்தன. ஐந்து மணிக்கு முனியம்மா வந்தாள். தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை. லேப்டாப்பை இரண்டு கையாலும் வாங்கி வயிற்றோடு அணைத்துக்கொண்டு, ரஞ்சித்தைப் பார்த்துக் கேட்டாள்.

"எம்பொண்ணு பேசனது ஏதாச்சும் இதுக்குள்ள இருக்குதா தம்பி?"

வேணுகோபாலும் ரஞ்சித்தைத்தான் பார்த்தான்.

"ஒண்ணும் இல்லம்மா. ஸ்பீக்கரும் போயிடுச்சி."

சொல்லியிருக்கலாம். அவள் மகள் கடைசியாகக் காதில் வாங்கின பேச்சு எது என்று அந்தத் தாயிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பயந்துவிட்டான் என்று முத்துவேல் இன்றைக்கும் பரிந்து பேசுகிறான். எனக்கு மனசு ஆறவில்லை.

மறுநாள் விடிந்ததும் முனியம்மாவிடமிருந்து போன்.

"தம்பி... அது பேசுதுப்பா."

"ஸ்பீக்கர் இல்லியேம்மா." ரஞ்சித்தே மேற்கொண்டு கேட்டான். "சூர்யகலாவா?"

"அவ பேசனா உனக்கு ஏன்பா போன் பண்றேன்? மடியில வெச்சிகினு கேட்டுகினு இருக்க மாட்டேனா? இது என் குரலு. 'அனுசரிச்சிகினு போடி, இங்க திரும்பி வந்துடாத'ன்னு. அவ சாவறதுக்கு மொத நாளு போன்ல நான் சொன்னது."

முனியம்மா நிறுத்தவில்லை.

"பஸ்ல ஏறனதுமே ஆரம்பிச்சிடுச்சி. ஊரு வர்ற வரைக்கும் விடல. எல்லாரும் திரும்பித் திரும்பி என் வாயத்தான் பாத்துகினு வந்தாங்க... நான் வாயே தொறக்கல தம்பி."