பலகையில் ஒரு வில்லை

விளக்கறை வேலையில் ஒரு வசதி உண்டு, ஐயா. உட்கார்ந்தே பார்க்கலாம். சுரங்கத்துக்குள் இறங்குகிறவர் என்னிடம் தலைவிளக்கை வாங்கிக்கொண்டு, தன் எண் பொறித்த பித்தளை வில்லையைப் பலகையில் மாட்டுவார். ஏறி வந்ததும் விளக்கைக் கொடுத்துவிட்டு வில்லையை எடுத்துக்கொள்வார். வில்லை தொங்கினால் ஆள் கீழே இருக்கிறார் என்று அர்த்தம்.

என் தங்கையை நான்தான் வளர்த்தேன். அவள் புருஷனுக்கும் இதே சுரங்கத்தில்தான் வேலை. நல்லவன்தான். குடிப்பதில்லை, கை நீட்டியதில்லை. ஆனால் தூரத்து ஊர் மின்நிலையத்துக்கு மாற்றல் வாங்கிவிட்டான். அன்று காலை சாப்பிடும்போது, "அங்க நிமிர்ந்து பார்த்தா வானம் தெரியுமாம்க்கா. இங்க இறங்கும்போதும் உங்க மூஞ்சி, ஏறும்போதும் உங்க மூஞ்சி" என்றான்.

தங்கை புரையேறச் சிரித்தாள். "பாவங்க, அக்காவ விடுங்க."

நான் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. அவள் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தேன்.

மத்தியானம் சுரங்கத்தில் தீப்பிடித்தது. அந்தத் தீ தண்ணீருக்கு அடங்காது. வழியைச் சுவர் வைத்து அடைத்து, காற்றில்லாமல் சாகவிடுவார்கள். ஆட்கள் அடித்துப் பிடித்துக்கொண்டு மேலே வந்தார்கள். தங்கை புருஷன் முன்னால் ஏறிப் போய்விட்டான் என்று கூட வேலை பார்த்தவர்கள் நினைத்துக்கொண்டார்கள். கடைசியில் அவனுடைய வில்லை மட்டும் தொங்கியது. அதைக் கழற்றி என் சாப்பாட்டு டப்பாவில் போட்டேன். அவன் விளக்கும் திரும்பி வந்ததாகத் தெரியட்டும் என்று, அதன் கொக்கியில் பழுதான விளக்கொன்றை மாட்டினேன்.

மேற்பார்வையாளர் ஓடி வந்தார். "பலகை காலியாம்மா? நல்லாப் பார்த்துச் சொல்லு. அடைச்சுட்டா அப்புறம் திறக்க முடியாது."

"காலிதான் சார்."

சுவர் எழும்பச் சாயங்காலம் ஆயிற்று.

தீயைப் பார்த்துப் பயந்து, சொல்லாமல் கொள்ளாமல் புது ஊருக்குக் கிளம்பிவிட்டான் என்று நான்தான் சொன்னேன். எல்லாரும் நம்பினார்கள். தங்கை மட்டும், "எங்கிட்ட சொல்லாம அவரு தெருமுனைக்குக்கூடப் போக மாட்டாருக்கா" என்றாள்.

இரண்டு மாதம் கழித்துச் சுவரை உடைத்தார்கள். அதை ஒட்டியே கிடந்தானாம். உட்பக்கச் சாந்து முழுக்கச் சுரண்டியிருந்ததாம். கொத்தனார் கெட்டிக்காரர், ஒரு செங்கல்கூட அசையவில்லை.

ஆமாம், நான்தான் செய்தேன். அவன்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. ஊர் மாறினால் தங்கைக்கு உடம்பு ஒத்துக்கொள்ளாது, அதை யோசித்துத்தான் செய்தேன். சுவரை உடைத்த நாள் முதல் அவள் பேசுவதில்லை. நான் ஊட்டினால்தான் வாய் திறக்கிறாள். கொஞ்சம் சீக்கிரம் எழுதி முடியுங்கள், ஐயா, வீட்டுக்குப் போகவேண்டும். என்னை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்?