துடைக்காத கண்ணாடி

கல்முனையிலிருந்து சம்மாந்துறைக்குப் போகும் பஸ். என் முன்சீட்டில் இருந்த பெரியவர், பக்கத்தில் இருந்தவரிடம் திடீரென்று சொன்னார்.

“பென்சில் கரியில ஒரேயொரு அடுக்க மட்டும் எடுத்தா, அதுல கரண்ட் செம்புக் கம்பிய விட லேசா ஓடுமாம், தம்பி.”

“ஆர் சொன்ன, காக்கா?”

“என்ட மகள்தான். கம்பஸ்ல அதத்தான் படிச்ச. கரிக்கு மேல டேப்ப ஒட்டி, உரிச்சி உரிச்சி, கடைசியில அந்த அடுக்க எடுக்கிறயாம். கிராஃபீன் எண்டு பேராம். அதால பாயப் போல சுருட்டுற போன் செய்யலாமாம். லீவுல வந்தா அலுமாரிக் கண்ணாடி முழுக்க அந்தக் கரி டேப்ப ஒட்டிப் பார்ப்பா.”

“இப்ப எங்க வேல செய்றா?”

“மௌத்தாகிட்டா, தம்பி. டெங்குக் காய்ச்சல்.”

இறப்புச் செய்தி கேட்டால் சொல்லும் இன்னாலில்லாஹியை மற்றவர் சொன்னார். பஸ் வயல்களுக்கு நடுவே போய்க்கொண்டிருந்தது.

“நாப்பதாம் நாள் கத்தம் ஓதக்குள்ள ஊட்டத் துப்புரவாக்க வந்த அவட சாச்சிமார், டேப்பெல்லாம் உரிச்சிக் கண்ணாடியத் துடைச்சிட்டாங்க.”

“ஒண்டும் மிஞ்சல்லையா?”

“‘அந்த அடுக்கு கண்ணாடியில ஒட்டியிருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது, வாப்பா’ எண்டு மகள் சொல்லுவா. அதான், அதுக்குப் பொறகு துடைக்க நான் ஆரையும் உடுறல்ல. தூசி படிஞ்சி இப்ப அதுல முகமும் தெரியுதில்ல.”