பட்டுக்கு ஆகாத ஈரம்

ஐயா, உங்கள் விசாரணை அறையில் காற்று நன்றாகக் காய்ந்திருக்கிறது. பட்டு வைக்க ஏற்ற இடம்.

விக்டோரியா ராணி காலத்து லண்டன் நாடக அரங்குகளில், விசேஷ நாள்களில், நிகழ்ச்சி நிரலைப் பட்டுத்துணியில் அச்சடித்துக் கொடுப்பார்கள். நடிகர்களின் பெயர்கள், ஓரத்தில் குஞ்சம். இந்த சுவிஸ் நாட்டில், கூர் நகரத்துப் பழைய சாமான் கடை ஒன்றில் எனக்கு முதலாவது கிடைத்தது. பிறகு அதுவே பைத்தியமாகிவிட்டது. அகதியாக வந்த நாள்முதல் ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவுகிறேன். அங்கே ஒருவரும் என் பெயரைச் சரியாக அழைத்ததில்லை. இங்குள்ள அருங்காட்சியகத்துக்காரி ஒருத்தி என் துணிகளைக் காட்சிக்கு வைத்து, சுவரில் ‘பாலேந்திரன் சேகரிப்பு’ என்று எழுதுவதாகச் சொன்னபோது அழுதேவிட்டேன்.

அவள் பார்க்க வருவதாக இருந்த காலை, கட்டில், மேசை எங்கும் துணிகளை விரித்திருந்தேன். வெளிச்சம் படாமல் பல்கனிக் கண்ணாடிக் கதவின் திரையையும் இழுத்து மூடியிருந்தேன். என் மனைவி தயாநிதிக்குச் சில நாள்களாக நெஞ்சுச்சளி. கொதிதண்ணீர்ச் சட்டியும் கம்பளியுமாக ஆவி பிடிக்க வந்தாள்.

“இஞ்ச வேண்டாம். பட்டு பழுதாப்போயிடும்.”

“இஞ்சேருங்கோ, மூச்சு விட ஏலாமக் கிடக்கு. உந்தப் பழஞ்சீலையளையே கட்டியிருக்கலாம், என்னை ஏன் கட்டினியள்?”

பகிடியாகத்தான் சொன்னாள். எங்களுடையது ஒற்றை அறை வீடு. குளியலறையில் பிடித்தாலும் ஆவி கதவடியால் வந்துவிடும். பல்கனிதான் மிச்சம்.

“இந்தப் பனிக்குள்ளயோ?”

“கொதிதண்ணி பக்கத்தில இருக்குதானே.”

சட்டியை நானே தூக்கிக் கொடுத்து, கம்பளியையும் போர்த்திவிட்டேன். கதவைப் பூட்டி, இடுக்கில் துவாயும் திணித்தேன். கொஞ்ச நேரத்தில் கண்ணாடியைத் தட்டினாள். “திறவுங்கோ” என்றாள். ஓம், கேட்டது. கேட்கவில்லை என்று சொல்லமாட்டேன். ஒரு குஞ்சத்தில் இழை பிரிந்திருந்தது, அதை நீவிக்கொண்டிருந்தேன். பிறகு தட்டவில்லை. ஆவி பிடித்ததில் சுகமாகிவிட்டது என்று நினைத்தேன்.

மத்தியானம் அருங்காட்சியகத்துக்காரி வந்தாள். ஒவ்வொன்றாகப் பார்த்து என் கையைப் பிடித்துப் பாராட்டினாள். என் வாழ்நாளில் அப்படியொரு சந்தோஷம் நான் கண்டதில்லை. படம் எடுக்க வெளிச்சம் போதாது என்று, நான் தடுக்கத் தடுக்க, திரையை விலக்கிவிட்டாள். கம்பளிக்குள் தயாநிதி குந்தியபடி கண்ணாடியில் சாய்ந்திருந்தாள். சட்டியில் பனிக்கட்டி ஆடைபோலப் படிந்திருந்தது.

நான்தான் கொன்றேன் என்று எழுதுங்கள், கையெழுத்து வைக்கிறேன். அவள்மேல் அன்பில்லாதவன் என்று மட்டும் எழுதாதீர்கள். வீட்டிலிருந்த நல்ல கம்பளியைத்தானே போர்த்திவிட்டேன்.

ஒன்று கேட்கலாமா, ஐயா? அவளைத் தூக்கியவர்கள் அந்தப் பல்கனிக் கதவைத் திரும்பச் சாத்தினார்களா?