கனடாவில் முட்டைப் பந்து உதைத்த தாழ்வுபாட்டு அமிர்தநாயகம் அவர்களுக்கு

அலைகடல் அணைத்த மன்னார்த் தீவின் தாழ்வுபாட்டு ஊர் ஈன்ற அருமை மைந்தரே! பனி பொழியும் பரந்த நாட்டில் பல்லாயிரவர் பார்த்திருக்கப் பந்தை விண்ணேற்றிய பாதத்துக்கு உரியவரே! புகழ் சூழ்ந்த போதும் பழி சூழ்ந்த போதும் ஒரே புன்னகையோடு நின்ற பெருந்தகையே! கரையோர இளைஞர் விளையாட்டுப் பயிற்சி நிலையத்தின் தலைமைப் பயிற்றுநர், மதிப்புக்குரிய செபஸ்தியாம்பிள்ளை அமிர்தநாயகம் ஐயா அவர்களே!

அகவை அறுபதில் ஓய்வுபெறும் உங்களை வாழ்த்த இன்று இம்மண்டபத்தில் கூடியிருக்கிறோம். ஆற்றல், அடக்கம், அன்பு என்று அடுக்கிக்கொண்டு போக எங்களுக்கும் தெரியும். ஆனால் நாங்கள் நடந்ததை நடந்தபடியே சொல்லப் போகிறோம். அதுவும் இந்த நிலையத்தில் உங்களை நெடுங்காலம் நம்பாதிருந்த ஒருவர் கண்ட வழியில் சொல்லப் போகிறோம். அவர் வேறு யாருமல்லர், முன்வரிசையில் கைகட்டி அமர்ந்திருக்கும் எங்கள் முகாமையாளர் ஹுஸ்னியா அவர்கள்தான்.

தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம் மக்கள் மன்னாரை விட்டு வெளியேற்றப்பட்டபோது ஹுஸ்னியா சிறுமி. உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு போனவர், புத்தளத்து ஓலைக் கொட்டிலில் வளர்ந்து, போர் ஓய்ந்த பின்னர்தான் ஊர் திரும்பினார். வந்து பார்த்தால், வாப்பாவின் காணியில் முன்பின் தெரியாத ஒருவர் அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அது தங்கள் நிலந்தான் என்று நிலைநாட்ட அந்தக் குடும்பம் ஆண்டுக்கணக்கில் அலைந்தது. அன்று தொடங்கி, எவர் எங்கே நாடாவை விரித்தாலும் ஹுஸ்னியா போய் நின்று ஏனென்று கேட்பார்.

ஐயா, நீங்களோ கனடாவிலிருந்து திரும்பி நிலையத்துக்கு வந்த முதல் வாரமே எங்கள் கடற்கரை மைதானத்தில் நாடாவை விரித்தீர்கள்!

தன் அலுவலகக் கந்தோர் யன்னலால் அதைக் கண்ட ஹுஸ்னியா செருப்பையும் மறந்து மணலில் இறங்கி வந்தார்.

"ஏன் சேர் மைதானத்தை அளக்கிறீங்கள்?"

"அங்கத்தைய மைதானம் இதைவிட நீளம் மிஸ். எவ்வளவு குறையுது எண்டு பாக்கிறன்."

"இங்க விளையாடுறது இங்கத்தைய விளையாட்டுத்தானே?"

"ஓம், ஓம். ஆனா ஒரு கரையில என்ர கம்பத்தையும் நடப்போறன்."

அந்தக் கம்பமும் எழுந்தது. தரையில் ஒற்றைக் கால், மேலே வானத்தைப் பார்த்து இரண்டு கைகள். உதைபந்துக் கம்பம் இப்படியா இருக்கும்? தாழ்வுபாட்டு மீனவர் சங்கத் தலைவர் இன்பாஸ் அதைச் சுற்றிச் சுற்றி வந்து, "இது போன் கோபுரத்துக்கு அத்திவாரம் போடுற வேலை" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார். ஹுஸ்னியாவுக்கு அந்தத் தீர்ப்புப் போதவில்லை. கனடாவில் பேரும் புகழுமாக இருந்த ஒருவர் கழுதை திரியும் இந்தத் தெருக்களுக்கு எதற்காகத் திரும்பி வர வேண்டும்? எதையோ எடுத்துப்போகத்தான் வந்திருக்கிறார் என்று மனத்துக்குள் முடிவு கட்டினார்.

கைத்தொலைபேசியில் தேடினார். படங்கள் வந்தன. ஆனால் எல்லாப் படத்திலும் தலைக்கவசம், முகத்தின் குறுக்கே கம்பிக் கூண்டு. உள்ளே இருப்பது யாராகவும் இருக்கலாம். போதாக்குறைக்குச் சட்டையின் முதுகில் 'அமிர்' என்று மட்டும் எழுதியிருந்தது. மறுநாளே அதைக் கொண்டுவந்து உங்கள் முன் நீட்டினார்.

"சேர், அமிரெண்டா எங்கட ஆக்கள்ட பேர். நீங்கள் ஞாயிற்றுக்கிழமையில பூசைக்குப் போறனீங்கள்."

"என்ர முழுப் பேரும் அவங்கட வாய்க்குள்ள வராது மிஸ். சட்டையிலயும் இடம் காணாது."

"எல்லாத்துக்கும் ஒரு மறுமொழி வச்சிருக்கிறார்" என்று அன்று வீட்டில் உம்மாவிடம் முறையிட்டாராம்.

உங்கள் கதையை அவர் முதன்முதலில் கேட்டதும் அந்த யன்னல் ஓரத்தில்தான். பயிற்சி முடிந்து பிள்ளைகள் மணலில் வட்டமாக உட்கார்ந்திருக்க, நீங்கள் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். எண்பத்தைந்தில், பத்தொன்பது வயதில், தாழ்வுபாட்டில் வள்ளமேறி இராமேஸ்வரம் போனது. அங்கிருந்து எங்கெல்லாமோ அலைந்து கனடாவின் சமவெளி நகரமொன்றில் கரையேறியது. இறைச்சித் தொழிற்சாலையில் குளிர் அறைகளைக் கழுவியது. ஒருநாள் பத்திரிகையில் உதைபந்தாட்ட வீரர்கள் தேவை என்ற விளம்பரம் கண்டு, நம் ஊர் ஆட்டம் என்று நம்பி ஓடிப்போனீர்கள். அங்கே நின்றவர்களோ தலைக்கவசம் அணிந்த மலைபோன்ற மனிதர்கள். பந்தோ முட்டைபோல் இருந்தது. அதைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், தோளால் மோதி விழுத்தினார்கள். பெயர் மட்டுந்தான் உதைபந்தாட்டம்!

"திரும்பிப் போக வெக்கமா இருந்துது. ஒருத்தன் வந்து, உனக்கு என்ன ஏலும் எண்டு கேட்டான். உதைக்க ஏலும் எண்டன்."

வேலைச் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு உதைத்தீர்கள். அதன்பின் இருபது பருவகாலம் அந்த நகரத்தின் அணிக்கு உதைத்தீர்கள்.

எல்லாவற்றிலும் பெரிதாக நீங்கள் சொன்னது ஓர் இறுதி ஆட்டம். கடைசி நிமிடம், குறுக்கே வீசும் பேய்க்காற்று. உங்கள் பயிற்றுநரே வேண்டாமென்று கையசைத்தார். நீங்கள் கம்பத்தைப் பார்க்காமல், அதற்கு வெகு தூரம் விலகி நின்ற விளக்குக் கோபுரத்தைக் குறிவைத்து உதைத்தீர்கள். காற்று பந்தை வளைத்துக் கொண்டுவந்து கம்பத்தின் இரண்டு கைகளுக்கும் நடுவே போட்டது. சோளகக் காற்றில் பாய் பிடித்த தீவுப் பிள்ளைக்குக் காற்றைக் கணிக்க வேறு எவரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை என்று சொல்லிச் சிரித்தீர்கள்.

பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். யன்னலுக்குள் நின்ற ஹுஸ்னியா மட்டும், கம்பத்துக்கு நேரே உதைக்காத பந்து கம்பத்துக்குள் எப்படிப் போகும் என்று தலையை ஆட்டிக்கொண்டார்.

பிறகு வந்தது அந்த ஜீப்.

கடற்கரை மணலிலிருந்து கனிமம் அகழும் வெளிநாட்டு நிறுவனம் ஒன்று தீவுக்குள் நுழைந்திருந்த காலம் அது. எவரிடமும் கேளாமல் பனைகளுக்கு நடுவே துளையிடுகிறார்கள் என்று ஊரெங்கும் பேச்சு. ஒரு முற்பகல் அவர்களின் ஜீப் மைதானத்து ஓரத்தில் வந்து நின்றது. இறங்கிய வெள்ளைக்காரர் உங்களைக் கண்டதும் 'அமிர்!' என்று கூவி, இரு கையையும் விரித்துக்கொண்டு ஓடிவந்து கட்டிப்பிடித்தார். நீங்களும் சிரித்துப் பேசினீர்கள். பேசி முடித்து அதே ஜீப்பில் ஏறிப் போனீர்கள். ஹுஸ்னியா யன்னல் கம்பியை இறுகப் பிடித்தபடி நின்றார். நாடா விரித்ததற்கும், கம்பம் நட்டதற்கும், கனடாவிலிருந்து வந்ததற்கும் அவருக்கு அன்றுதான் விடை கிடைத்தது. அந்த விடை அவரை அழவைத்தது என்பதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும். ஏனென்றால் அதற்குள் பிள்ளைகள் உங்கள்மேல் உயிராக இருந்தார்கள், அவர்களுக்கு இதை எப்படிச் சொல்வது என்பதே அவர் கவலையாயிருந்தது.

அடுத்த கிழமை அந்த நிறுவனம் இதே மண்டபத்தில் மக்களுக்கு விளக்கக் கூட்டம் வைத்தது. தாழ்வுபாட்டார் வந்தார்கள், மன்னார்ப் பட்டினத்து மக்கள் வந்தார்கள், நிற்க இடமில்லை. வெள்ளைக்காரர் எழுந்து திரையில் ஒரு படம் ஓடவிட்டார். இரவு விளக்கில் பச்சை மைதானம். தலைக்கவசம் அணிந்த ஒருவர் ஓடிவந்து உதைக்கிறார். பந்து வெளியே போகிறது, விளக்குக் கோபுரத்தை நோக்கி வெளியே வெளியே போகிறது. நடு வானில் திரும்புகிறது. வளைந்து வந்து கம்பங்களுக்கிடையில் விழுகிறது! அரங்கமே எழுந்து ஆர்ப்பரிக்க, அந்த வீரர் தலைக்கவசத்தைக் கழற்றுகிறார். வியர்வை வழியச் சிரிக்கும் அந்த முகம் உங்கள் முகம்.

மண்டபம் கைதட்டி அதிர்ந்தது. ஹுஸ்னியாவும் தன்னை அறியாமல் எழுந்து நின்றுவிட்டார்.

அப்போதுதான் மொழிபெயர்ப்பாளர் ஒலிவாங்கியில் சொன்னார்: "உங்கள் மண்ணின் மைந்தரே எமது திட்டத்தின் தூதுவர்."

கைதட்டல் நின்றது. "எங்கட மண்ணை வித்துப்போட்டார்!" என்று இன்பாஸ் கத்தினார். கதிரைகள் சரிந்தன. நீங்கள் எழுந்து முன்னே வந்தீர்கள்.

"படத்தில நிக்கிறது நான். அதில பொய் இல்ல. தூதுவர் எண்டதுதான் பொய். என்னட்டக் கேட்டவை, ஏலாது எண்டு சொன்னனான். என்ர பேரில இங்க பெரிய மைதானம் கட்டித் தருவினமாம். மண்ணை அள்ளினாப் பிறகு மைதானம் எதுக்கு மேல நிக்கும் எண்டு கேட்டன். இன்னும் மறுமொழி வரேல்ல."

கூட்டம் குழம்பி நின்றது. ஹுஸ்னியா குழம்பவில்லை. நின்ற இடத்திலிருந்தே கேட்டார்.

"அப்ப ஏன் சேர் அவங்கட ஜீப்பில ஏறிப் போனனீங்கள்?"

"எங்கெங்க துளை போட்டவங்கள் எண்டு பாக்க. நாளைக்கு விடிய எல்லாரும் வாங்கோ, கூட்டிக்கொண்டு போய்க் காட்டுறன்."

"அதை என்னட்ட முதலே சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களோ மிஸ்?"

ஹுஸ்னியா ஒரு கணம் யோசித்தார். "இல்ல" என்றார். அவ்வளவு கோபத்திலும் மண்டபம் சிரித்தது.

விடியலில் முதலாவதாக வந்து நின்றவரும் அவர்தான். பனைகளுக்கிடையே மணலால் மூடியிருந்த துளைகளை ஒவ்வொன்றாகக் காட்டினீர்கள். ஒவ்வொன்றிலும் அவர் குனிந்து, கையால் மணலை விலக்கிப் பார்த்த பின்னரே அடுத்ததற்கு நடந்தார். அதன்பின் மாவட்டச் செயலகமான கச்சேரியின் வாசலில் நடந்த மறியலில் ஒருபுறம் இன்பாஸும் மறுபுறம் ஹுஸ்னியாவும் நிற்க, நடுவே நீங்கள் நின்றீர்கள். நிறுவனம் எங்கள் கரையை விட்டுப் போனது. வேறு கரைக்குப் பெயர் மாற்றிக்கொண்டு போயிருக்கும் என்று ஹுஸ்னியா இன்றைக்கும் சொல்லுவார்.

ஆண்டுகள் ஓடின. உங்களிடம் பழகிய பிள்ளைகள் மாகாண அணிக்குப் போனார்கள், தேசிய அணிக்கும் போனார்கள். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, சென்ற ஆண்டுவரை.

சென்ற ஆண்டு ஒரு போட்டியின் நடுவே, "எங்கட பிள்ளையள் எந்தச் சட்டை?" என்று பக்கத்தில் நின்ற பெற்றோரிடம் கேட்டீர்கள். பிறகொருநாள் சொன்னதையே திரும்பச் சொன்னீர்கள். குடிக்கிறார் என்று பெற்றோர் முணுமுணுத்தார்கள். ஹுஸ்னியா கிட்ட வந்து முகர்ந்து பார்த்தார், வாசம் எதுவுமில்லை. ஆனால் எதையோ மறைக்கிறார் என்பது மட்டும் அவருக்கு உறுதி.

ஒரு பின்னேரம் சைக்கிளில் வீட்டுக்குப் புறப்பட்டீர்கள். தாழ்வுபாட்டுக்குத் திரும்பாமல் எதிர்த்திசையில் பாலத்தை நோக்கி மிதித்தீர்கள். பெருநிலத்தில் யாரைச் சந்திக்கப் போகிறார்? பழைய ஜீப்காரர்களையா? ஹுஸ்னியா தன் ஸ்கூட்டியில் தூரமாகப் பின்தொடர்ந்தார். பாலம் கடந்து, திருக்கேதீஸ்வரத்துக்குத் திரும்பும் சந்திவரை போனீர்கள். அங்கே வெள்ளரிப்பழம் விற்றுக்கொண்டிருந்த பெண்ணருகே இறங்கி ஏதோ கேட்டீர்கள். கேட்பது காதில் விழும் தூரத்துக்கு ஹுஸ்னியா வந்துவிட்டிருந்தார்.

"பிள்ளை, தாழ்வுபாட்டுக்கு எப்பிடிப் போறது?"

ஹுஸ்னியா வண்டியை நிறுத்திவிட்டு மெல்ல நடந்து வந்தார். அவரைக் கண்டதும் உங்கள் முகத்தில் பயந்த குழந்தையின் சாயல் வந்ததாகச் சொல்கிறார்.

"எவ்வளவு காலமா சேர்?"

"கொஞ்ச காலமா. பழைய அடிகளா இருக்கலாம் எண்டு டொக்டர் சொல்லுறார்."

"உதைக்கிறவருக்கு அடி விழாதெண்டு பிள்ளையளுக்குச் சொன்னனீங்கள்."

"பிள்ளையளைப் பயப்படுத்தக் கூடாதெண்டு சொன்னது மிஸ். உதைச்ச பந்தை எடுத்துக்கொண்டு ஒருத்தன் எல்லாரையும் தாண்டி ஓடி வந்தா, கடைசியா நிக்கிறவன் நான்தானே. ஒவ்வொரு முறையும் தலையைக் குடுத்துத்தான் மறிச்சனான்."

சைக்கிளை அங்கேயே விட்டுவிட்டு ஸ்கூட்டியின் பின்னால் ஏறி ஊர் வந்து சேர்ந்தீர்கள். வரும் வழியில்தான் ஓய்வுபெறும் முடிவைச் சொன்னீர்கள். கூடவே ஒரு வேண்டுகோளையும் வைத்தீர்கள்.

"மடல் எழுதினா என்னை மெச்ச வேண்டாம் எண்டு சொல்லுங்கோ. நடந்ததை எழுதட்டும். இதையும் எழுதட்டும். பிறகு எனக்கு ஆராவது வாசிச்சுக் காட்டலாம்."

ஐயா, எழுதிவிட்டோம்.

கனிவால் எம்மைக் கவர்ந்தவரே! காற்றோடு கணக்குப் பார்த்தவரே! கடைசி ஆளாக நின்று தலையைக் கொடுத்துக் காத்தவரே! நோய் உங்களை மென்மையாக நடத்தட்டும், ஆண்டுகள் உங்களுக்குத் தாராளமாய்ச் சேரட்டும், உண்ணும் சோறு உடம்பில் ஒட்டட்டும், உறங்கும் இரவுகள் இனிதாகட்டும். உங்கள் வாசலில் எங்கள் பிள்ளைகளின் சத்தம் ஓயாதிருக்கட்டும்.

உங்கள் வீட்டுச் சுவரில் தொங்கப்போகும் இம்மடலை ஒருநாள் எவராவது வாசித்துக் காட்டும்போது, "ஆர் இந்த ஆள்? இதெல்லாம் உண்மையோ?" என்று நீங்கள் கேட்கக்கூடும். அப்போது பக்கத்துக் கதிரையில் ஹுஸ்னியா இருப்பார். ஒவ்வொரு வரியையும் சந்தேகப்பட்டு, விசாரித்து, அதன்பின்னரே இதை எழுதவிட்டவர் அவர். அவர் "ஓம் சேர்" என்பார். அவர் சொன்னால் நீங்கள் நம்பலாம்.

இங்ஙனம்,
உங்கள் அன்பில் நனைந்த பயிற்றுநர்கள், பணியாளர்கள்,
கரையோர இளைஞர் விளையாட்டுப் பயிற்சி நிலையம்,
மன்னார்.