இரட்டைச் சுறாவும் இரட்டைச் சுராவும்

சட்டி வாங்கினாலும் சட்டை வாங்கினாலும் நான் முதலில் பெயரைத்தான் பார்ப்பேன் சார். இரணியலில் என் ஷெட்டில் தைக்கும் லைஃப் ஜாக்கெட்டுக்கு 'இரட்டைச் சுறா' என்று பெயர். முறையாகப் பதிவு செய்த டிரேட்மார்க். சான்றிதழுக்குக் கண்ணாடி போட்டு, கல்யாணப் போட்டோவுக்கு மேலே மாட்டினேன். என் மனைவி சுபிதாவுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்.

போன வருடம் இனயம் கடற்கரையில் ஜெப்சன் என்பவன் ஒரு கடை திறந்து 'இரட்டைச் சுரா' விற்றான். வல்லின றகரத்தைத் தூக்கிவிட்டு இடையின ரகரம். அதே ஆரஞ்சு நிறம், அதே இரண்டு மீன், பாதி விலை. பார்த்ததும் எனக்கே சிரிப்பு வந்தது. அப்புறம்தான் வயிறு எரிந்தது.

என்னிடம் வழக்கமாக வாங்கும், வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகும் ஜெபிஷ் என்ற பையனும் அதைப் போட்டுக்கொண்டு வந்து நின்றான். நல்ல பையன், வாய் மட்டும் கொஞ்சம் நீளம்.

"மக்கா, எழுத்தப் பாத்து வாங்கப்பிடாதா?" என்றேன்.

"எழுத்தா அண்ணாச்சி மிதக்கியது?"

உங்களுக்கு முன்னால் இந்த ஸ்டேஷனில் இருந்த அதிகாரியிடம் புகார் கொடுத்தேன். அவர் இரண்டு ஜாக்கெட்டிலும் மணல்மூட்டை கட்டிக் குளத்தில் போட்டார். இரண்டும் ஜோராக மிதந்தன.

"ரெண்டும் மிதக்குதுல்லா ஓய். பின்ன என்ன கேசு?"

சட்டம் என் பக்கம், குளம் ஜெப்சன் பக்கம். ஆனால் போலிக்குப் போலியின் லட்சணம் வேண்டாமா சார்? அதுவும் மிதந்தால் ஜனங்கள் எப்படித் திருந்துவார்கள்? அந்தக் குறையை மட்டும்தான் நான் சரிசெய்தேன்.

ஜெப்சன் கடைக்கே போய் ஒரு கட்டு வாங்கினேன். "வைகுண்டராஜன் அண்ணாச்சியே நம்மகிட்ட வாங்குகியளா?" என்று சிரித்து, எலுமிச்சை பிழிந்து நாரங்கா வெள்ளம் கலக்கிக் கொடுத்தான். ஷெட்டில் ஒவ்வொன்றாகத் தையலைப் பிரித்து, மிதக்கும் ஃபோமை எடுத்துவிட்டு, தண்ணீர் குடிக்கும் தலையணைப் பஞ்சை அடைத்துத் தைத்தேன். ரேடியோவில் நல்ல பாட்டுகள். அத்தனை சந்தோஷமாக வேலை பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. பிறகு, பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொடுத்தேன். ஜெப்சன் முகம் சுளிக்காமல் வாங்கி மற்றவற்றோடு அடுக்கினான்.

ஆனி மாதக் கடலில் ஜெபிஷின் வள்ளம் கவிழ்ந்தது. பழைய ஜாக்கெட் கிழிந்து, ஜெப்சனிடமே புதிதாக ஒன்று வாங்கியிருந்தானாம். நன்றாக நீந்தக்கூடியவன்தான். கூடப் போன ஆன்ஸ்லின் கரையேறி, "அது அவனக் கீழ இழுத்துட்டு" என்று அழுதான். நானும் அழுதேன் சார். அடக்கத்துக்கு இருப்பதில் பெரிய மாலையாக வாங்கிப் போனேன். மறுவாரமே ஊரில் பலர் எழுத்துக்கூட்டிப் படித்து வாங்க ஆரம்பித்துவிட்டார்கள்.

ஆமாம், ஜெபிஷைக் கொன்றது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் ஜெப்சனையும் என்னையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்தீர்களே, அதுதான் மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. அடுத்தவன் சரக்கைப் பார்த்து அதே மாதிரி செய்கிற புத்தி எனக்கு ஒருநாளும் கிடையாது.

கடலில் காற்று எழும்பிவிட்டது, எந்த ஜாக்கெட்டைக் கழற்ற வேண்டும், எதைப் போட்டுக்கொள்ளலாம் என்று வள்ளங்களுக்கு வயர்லெஸ்ஸில் சொல்ல வேண்டும், என் தையலுக்கு அடையாளம் உண்டா என்று கேட்கிறீர்கள். கிடையாது சார். அவன் நூல், அவன் முடிச்சு, அவன் தையல். ஜெப்சனே பார்த்தாலும் தெரியாது. அச்சு அசலாகச் செய்திருக்கிறேன்.