ஆள் குடியிருக்கும் வீடு

முதலில் ஒரு சின்ன விஷயம். செல்மர் வீட்டுச் சமையலறையிலிருந்து உங்கள் ஆட்கள் எடுத்துப்போன பாத்திரங்களில் மூன்று என்னுடையவை. அடியில் வெள்ளை நாடா ஒட்டி, ஆர்டிஸ் குவாமி என்று பெயர் எழுதியிருப்பேன். நீலக் கண்ணாடிப் பாத்திரத்தை மட்டுமாவது சீக்கிரம் அனுப்பிவையுங்கள். வருகிற புதன்கிழமை தேவாலயத்தில் சாப்பாட்டு முறை என்னுடையது. வேறு பாத்திரத்தில் வைத்தால் மேலே உருளைக்கிழங்கு முறுகாது.

நடந்ததை நடந்தபடி எழுதித் தரச் சொன்னீர்கள், மார்லின். ஞாயிறு வகுப்பில் மூக்கு ஒழுக உட்கார்ந்திருந்த பையனுக்கு நோவாவின் கதை சொன்னவள் நான். இப்போது மாவட்டப் போலீசுக்கே ஷெரீப் ஆகிவிட்டதால் மரியாதை கொடுத்தே எழுதுகிறேன்.

இந்த மாவட்டத்தில் பூமிக்கடியில் கச்சா எண்ணெய் வந்தபின் யார் யார் எப்படி ஆனார்கள் என்று உங்களுக்குத் தெரியும். என்னோடு மெத்தைவிரிப்பு தைத்த ஏழு பெண்களில் ஐந்து பேர் அக்டோபர் பிறந்தால் அரிசோனாவுக்குப் பறந்துவிடுகிறார்கள். அங்கிருந்து ஆரஞ்சு மரத்தடியில் நின்று படம் எடுத்து அனுப்புவார்கள். நான் இங்கே நார்த் டகோட்டாவில் பனி வாரிக்கொண்டு அதைப் பார்க்க வேண்டும். பொறாமைதான். அதை வேறு பெயர் சொல்லி அழைக்க எனக்கு இந்த வயதில் பொறுமை இல்லை.

என் நிலத்துக்கடியிலும் எண்ணெய் இருக்கிறது. கம்பெனிக்கு மூன்று வருடக் குத்தகை எழுதிக் கொடுத்திருந்தேன். ஜனவரி முடிவதற்குள் தோண்ட ஆரம்பிக்காவிட்டால் குத்தகை காலாவதி. எண்ணெய் விலை இறங்கிக் கிடக்கிறது, மறுபடி எவனும் வந்து கதவைத் தட்டப் போவதில்லை. ஆனால் என் நிலம் முழுக்க ஓடையும் பள்ளமும். துளையிடும் எந்திரம் நிறுத்தத் தோதான சமதளம் ஒன்றே ஒன்றுதான், அது செல்மர் பிரெக்கேயின் வேலியோரம். அங்கிருந்து அவர் வீடு நானூறு அடி. ஐநூறு அடிக்குள் வீடு இருந்தால் வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டால்தான் தோண்டலாம்.

செல்மருக்கு இதில் ஒரு டாலர்கூடக் கிடைக்காது. அவருடைய தாத்தா வறட்சிக் காலத்தில் நிலத்தடி உரிமையை ஒரு ஜோடி உழவுக் குதிரைக்கு விற்றுவிட்டார். மேல்மண் மட்டும்தான் செல்மருடையது. என் வருமானத்தில் பங்கு தருகிறேன் என்று நானே போய்க் கேட்டேன், கையில் நானே சுட்ட ஆப்பிள் பை பலகாரத்தோடு.

"பணத்த வெச்சு நான் என்னம்மா பண்றது, ஆர்டிஸ்? இன்னொரு பல் செட்டு வாங்கவா? இருக்குறதே கடிக்குது," என்றார்.

"ரெண்டு மாசம் சத்தம், அவ்வளவுதான் செல்மர். அப்புறம் கம்முனு ஆயிடும்."

"அதில்லம்மா. நாப்பது வருஷமா எங்க பின்வாசப் படியில நின்னு நிம்மதியா ஒண்ணுக்குப் போறேன். இனிமே அதுக்கு எண்ணெய் தோண்ட வர்ற ஓக்லஹோமாக்காரன்கிட்ட பர்மிஷன் கேக்கணுமா?"

இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அவர் நல்ல மனிதர், அதை நான் எங்கேயும் சொல்வேன். என் கணவர் வெர்ன் போனபின் ஆறு குளிர்காலமாக, கேட்காமலே டிராக்டரைக் கொண்டுவந்து என் வாசல் பனியைத் தள்ளிவிட்டுப் போனவர்.

கம்பெனியின் குத்தகை ஏஜென்ட் டிராவிஸ்தான் எனக்கு வழி காட்டினான். காட்டுகிறோம் என்று அவனுக்கே தெரியாது, பாவம், அவனை விட்டுவிடுங்கள். "ஆள் குடியிருக்கிற வீட்டுக்குத்தான் மேடம் அந்த ஐநூறு அடிக் கணக்கு. காலி வீடுன்னா கோழிக்கூடு மாதிரிதான், யாரும் கேக்க மாட்டாங்க," என்று காப்பியை ஊதிக்கொண்டே சொன்னான்.

செல்மருக்கு எழுபத்தெட்டு வயது. மகள் ஜோலீன் ஃபார்கோவில் மூன்று படுக்கையறை வீட்டில் இருக்கிறாள், அப்பாவை வா வா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். போக அவருக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. நான் அதைத்தான் கொடுத்தேன்.

நம் ஊரில் யாரும் வீட்டுக் கதவைப் பூட்டுவதில்லை. தினம் காலையில் அவர் மாடுகளுக்குத் தீவனம் வைக்கப் போகும் அரைமணி நேரத்தில் நான் ஏதாவது பலகாரத்தோடு உள்ளே போவேன். முதலில் மூக்குக்கண்ணாடியை மாவு டப்பாவில் வைத்தேன். அடுத்த நாள் நாட்காட்டியில் ஒரு தாளைக் கூடுதலாகக் கிழித்தேன். செல்மர் சனிக்கிழமையே கோட்டும் டையுமாகத் தேவாலயத்துக்குப் போய், பூட்டிய கதவின் முன்னால் நின்றுவிட்டு வந்தார். அவரே அதைச் சொல்லிச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு, "போன வாரமும் இப்படித்தானே பண்ணீங்க, செல்மர்?" என்றேன். போன வாரம் அப்படி எதுவும் நடக்கவில்லை.

இது ஒரு கைவேலை மாதிரி, அவசரப்படுத்தினால் தையல் பிரிந்துவிடும். ஒரு கதையை அவர் ஆரம்பித்ததும், "இதை நேத்தே சொன்னீங்களே," என்பேன். சொல்லியிருக்க மாட்டார். கொஞ்ச நாளில் அவர் கதை சொல்வதையே நிறுத்திவிட்டார். அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான், நன்றாகக் கதை சொல்வார்.

டிசம்பரில் ஜோலீன் வந்து, மறதியைச் சோதிக்க அவரை மருத்துவரிடம் அழைத்துப்போனாள். திரும்பி வந்த அன்று பையன் மாதிரி துள்ளிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார்.

"எல்லாக் கேள்விக்கும் சரியாச் சொல்லிட்டேனாம், ஆர்டிஸ்! கடிகாரம் வரையச் சொன்னான், வரைஞ்சேன். நாப்பது வயசுக்காரன் மூளைன்னு டாக்டரே சொல்லிட்டான்!"

நான் காப்பி ஊற்றி எதிரில் உட்கார்ந்தேன். எங்கள் அத்தைக்கும் இப்படித்தான், டாக்டர் முன்னால் மட்டும் பளிச்சென்று இருப்பாள் என்றேன். எனக்கு அத்தையே கிடையாது. "டாக்டர் உங்களைப் பத்து நிமிஷம் பாக்குறாரு. நான் தினம் பாக்குறேன். உங்ககிட்ட நான் பொய் சொல்லுவேனா?"

அவர் காப்பியைக் குடிக்காமலே கோப்பையை நகர்த்தி வைத்தார். "நீ சொல்ல மாட்ட," என்றார். ஈஸ்டர் முடிந்ததும் ஜோலீன் வீட்டுக்கே போய்விடுவதாக அன்றைக்கு ஒத்துக்கொண்டார்.

ஈஸ்டர் வருவது ஏப்ரலில். என் குத்தகை முடிவது ஜனவரியில்.

அதனால்தான் அடுப்பைத் தொட வேண்டியிருந்தது. மூன்றே மூன்று முறை. ஜன்னலை ஒரு விரற்கடை திறந்து வைத்துவிட்டுத்தான் கேஸ் குமிழைத் திருகினேன், நான் என்ன கொலைகாரியா? அவர் உள்ளே வரும் நேரத்தில் நானும் வெளியிலிருந்து வருவதுபோல் வந்து, "என்ன செல்மர் இது, வாடை?" என்பேன். மூன்றாவது முறை அவர் ஓடிப்போய்க் குமிழை மூடினார். "உனக்கு ஏதாவது ஆயிருந்தா?" என்று கேட்டார். தனக்கு என்ன ஆகியிருக்கும் என்று அவர் கேட்கவே இல்லை. உடனே ஜோலீனைக் கூப்பிட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்து அழைத்துப்போவதாகச் சொன்னாள். எனக்கு அது போதும், அத்தோடு விட்டுவிட்டேன்.

ஆனால் வியாழக்கிழமையே பனிப்புயல் வந்துவிட்டது. சாலை மூடிவிட்டார்கள், பூஜ்யத்துக்குக் கீழே முப்பது டிகிரி. என் சமையலறைத் தொட்டியருகே நின்றால் செல்மரின் புகைபோக்கி நேரே தெரியும். குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் எந்திரம் ஓடும்வரை அதிலிருந்து எப்போதும் வெண்புகை வரும். வெள்ளிக்கிழமை காலையில் காற்று அடங்கிப் பார்த்தபோது புகை இல்லை.

ஜோலீன் முன்கூட்டியே வந்து அழைத்துப் போயிருப்பாள் என்று நினைத்தேன் என உங்களிடம் முதலில் சொன்னேன். மூடிய சாலையில் அவள் எப்படி வருவாள் என்று நீங்கள் கேட்டீர்கள். நியாயமான கேள்வி. அவர் உள்ளேதான் இருக்கிறார் என்று எனக்குத் தெரியும், மார்லின். வெள்ளிக்கிழமை காலையிலேயே தெரியும். அவர் வீட்டுக்கு நடந்தால் பத்து நிமிடம், போனில் கூப்பிட்டால் பத்து விநாடி. நான் பேரீச்சம்பழம் நறுக்கிக் கேக் செய்தேன். சனிக்கிழமை காலையிலும் பார்த்தேன். அன்றைக்கும் புகை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை போனேன். மேல்கோட்டும் தொப்பியும் கையுறையும் போட்டுக்கொண்டு, மடியில் இரண்டு போர்வையோடு, சமையலறை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தூங்குகிறவர்போலத்தான் இருந்தார். வெளியே இருக்கும் கேஸ் தொட்டியின் வால்வை அவரே மூடியிருக்கிறார். அடுப்பு மட்டுமல்ல, வீட்டுச் சூடும் அதிலிருந்துதான் வருகிறது என்பது அவருக்குத் தெரியாததல்ல.

தொலைபேசிக் கணக்கை வைத்துக்கொண்டு அந்த நாற்பது நிமிடத்தைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். ஆமாம், ஒன்பது பத்துக்கு டிராவிஸைக் கூப்பிட்டு வீடு காலி என்று சொன்னேன். ஒன்பது ஐம்பதுக்கு உங்களைக் கூப்பிட்டேன். அவன் ஆட்கள் கிளம்பி வர நேரமாகும், நீங்கள் பக்கத்தில்தானே இருக்கிறீர்கள்.

நான் அவரைக் கொன்றதாக ஜோலீன் ஊரெல்லாம் சொல்கிறாள். அவள் வலி எனக்குப் புரிகிறது. ஆனால் பெரியவர் நிலைமை உண்மையிலேயே மோசமாகத்தான் இருந்தது, கூட இருந்து பார்த்தவள் நான். அதற்குச் சாட்சியும் வைத்திருக்கிறேன். நான் போனபோது அவர் வாசல் கதவில் இந்தத் துண்டுச்சீட்டு ஒட்டியிருந்தது, கிழித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டேன். இத்தோடு பின் குத்தியிருக்கிறேன்.

'ஆர்டிஸ், உள்ளே வராதே, விளக்குச் சுவிட்சைத் தொடாதே. நான் மறுபடி எதையாவது திறந்து விட்டிருப்பேன். தினம் நீ வருகிறாய், உனக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்று வெளித் தொட்டியை மூடிவிட்டேன். ஞாயிறுவரை சமாளித்துக்கொள்வேன்.'

நீங்களே படித்துப் பாருங்கள். மறதி எவ்வளவு முற்றிப்போயிருந்தது என்று அவர் கைப்படவே எழுதியிருக்கிறார்.